குணம் அண்ணையின் இடக்கைத் துவக்கு

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வில் நகர ரயில் நிலையத்துக்கு முன்னால் மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நின்றபோது, தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. பேர்ன் பக்கத்து டொய்ச்சில், சுவிஸ் ஜெர்மனில், சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக் கதைத்தார் ஒரு கிழவர். துவக்குத் திருத்தும் வெர்னர் என்று தன்னை நினைவுபடுத்தினார். அன்று காலை வேட்டைக்காரர்கள் வருடாவருடம் செய்ய வேண்டிய சூட்டுச் சோதனை. எங்கு போவதென்றாலும் அரைமணி நேரம் முந்தியே போய் நிற்கிற குணம் அண்ணை வரவில்லை. வெர்னர் காரை எடுத்துக்கொண்டு துன் நகருக்குப் போய், ஆள் பிடித்துக் கதவைத் திறப்பித்திருக்கிறார். அண்ணை குசினித் தரையில் கிடந்தாராம். இதயம் நின்று ஒரு நாளுக்கு மேல் இருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம்.

எங்கள் சனத்தில் ஒருவர் துன்னில் தும்மினால் ஜெனீவாவில் மருந்து சொல்வார்கள். ஆனால் குணம் அண்ணை செத்த செய்தியை எனக்குச் சொல்ல ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் இருந்தார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கோயில் மண்டபத்தில் உடைந்த கதிரைகளுக்கு ஆணி அடித்தவர். தமிழ்ப் பாடசாலையின் ஒலிபெருக்கி இரையும்போது எழுந்து போய்ச் சரிபண்ணியவர். கலியாணம் கட்டாதவர், கதையாதவர். பிற்காலத்தில் 'வேட்டைக்காரன்' என்று உங்களில் சிலர் முதுகுக்குப் பின்னால் சொன்ன அதே மனிதர். ஒன்றைக் கேட்கிறேன். அவர் இடக்கைக்காரர் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோபத்தில் கேட்கவில்லை. பக்கத்திலேயே வேலை செய்த எனக்கே அதை அறியப் பதினேழு வருடங்கள் எடுத்தன. அதுவும் நானாக அறியவில்லை.

துன்னில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் 1998இல் அவரைச் சந்தித்தேன். நான் காலைச் சாப்பாட்டுச் சமையல். அவர் கட்டடத்தின் பராமரிப்பு. தண்ணீர்க் குழாய் முதல் மேல்மாடிப் பூட்டு வரை அவர் பொறுப்பு. வலக்கையால் எழுதினார், வலக்கையால் சாப்பிட்டார். ஒரு பூட்டின் திறப்பைத் தருவதென்றாலும் வலக்கையை நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தொட்டுத்தான் தருவார். பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதுபோலப் பாத்திரம் கழுவுகிற பெடியனுக்கும் அப்படித்தான். என்ன மரியாதையான ஆள் என்று நினைத்தேன். சின்ன வயதில் அடித்துப் பழக்கிய மரியாதை அது என்று எனக்குத் தெரியவில்லை.

2009 மே மாதத்துக்குப் பிறகு வன்னியிலிருந்து அவருடைய தம்பியின் தொலைபேசி வரவில்லை. தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர் யாரிடமும் விசாரித்ததாக நான் காணவில்லை. விசாரிக்காமல் இருந்திருக்கவும் மாட்டார். ஆனால் ஓய்வு நாட்களில் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டு மலைக்குப் போகத் தொடங்கினார். தனியாகப் போவார், பின்னேரம் சேற்றுச் சப்பாத்தோடு வருவார். ஒரு தடவை, மேலே ஒரு குடிசையில் நாலு வேட்டைக்காரர்கள் தன்னைக் கூப்பிட்டு இருத்திக் கோப்பி தந்ததாகச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் அவர்களோடு இருந்தாராம். "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, யோகன். எந்த ஊர், ஆர் செத்தது, ஒண்டும் கேக்கேல்லை. நல்லா இருந்தது" என்றார். மூன்று மாதம் கழித்து, தானும் வேட்டைப் பரீட்சை எடுக்கப்போவதாகச் சொன்னார்.

நான் சிரித்தேன். எங்கள் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே துவக்கைத் தொடவே கூடாது என்பது சட்டம். அவர் அதையும் விசாரித்து வைத்திருந்தார். எங்களில் மற்றவர்கள் வீடு வாங்க, வெளிநாடு போகப் பிரஜாவுரிமை எடுத்தார்கள். குணம் அண்ணை துவக்குத் தொட எடுத்தார். நகரசபையில் மூன்று பேர் இருந்து, ஏன் சுவிஸ்காரனாக விரும்புகிறாய் என்று கேட்டார்களாம். எங்கள் ஆட்கள் இதற்கென்று ஒரு பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு போவார்கள்: ஜனநாயகம், ஒழுங்கு, பிள்ளைகளின் எதிர்காலம். இவர் "மான் சுட" என்று சொல்லியிருக்கிறார். நடுவில் இருந்தவர் வேட்டைக்காரராம். மிச்ச நேரம் முழுக்க அதைப் பற்றியே கதைத்தார்களாம். சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டுக் கிடைத்துவிட்டது.

சனம் கதைத்தது. ஊரில் அவ்வளவு பேர் செத்துப்போயிருக்க இவனுக்குத் துவக்குக் கேட்குதோ என்றார்கள். முந்தி இயக்கத்தில் இருந்திருப்பான், கை உளையுது என்றார்கள். அவர் எங்கேயும் இருந்தவரல்ல. யாழ்ப்பாணத்தில் வானொலிப் பெட்டி திருத்தியவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கதைகள் நடந்த இடங்களில் நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

இரண்டு வருடம் காட்டு வேலை செய்து, அகராதியோடு புத்தகம் படித்து, பரீட்சையில் எல்லாப் பாடமும் முதல் தடவையிலேயே சித்தியடைந்தார். சுடுவதில் மட்டும் மூன்றாம் தடவைதான். இரவல் துவக்கு, ராசியில்லை என்றார். அதன்பிறகு ஒரு நாள் மத்தியானம், கொதிகலன் அறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்துகொண்டு, தனக்கென்று ஒரு துவக்குச் செய்விக்கப்போவதாகச் சொன்னார்.

கையில் இருந்த பணத்துக்கு அது பெரிய ஆசை. கடையில் புதிது வாங்கினால் விலையும் கூட, நீளமும் கூட. அண்ணை ஐந்தடி மூன்று அங்குலம், கை கட்டை. பழைய இராணுவத் துவக்கை மலிவாக வாங்கலாம். அதை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். அதை வாங்குங்கள் என்றுதான் நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "இஞ்சை வந்து இருபது வரியம். போடுற சட்டை ஆரோ போட்டது, இருக்கிற கதிரை ஆரோ இருந்தது. ஒரு சாமான் எண்டாலும் என்ர கைக்கு எண்டு செய்யவேணும்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. நானும் என்ன விளக்கம் என்று கேட்கவில்லை.

வெர்னரின் பட்டறை சிம்மென் பள்ளத்தாக்கில், ஒரு மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. துணைக்கு வா என்று அண்ணை கூப்பிட்டார், போனேன். துணைக்குப் போன நான் வாயாக மாறினேன். அது என் வியாதி. வைத்தியசாலையில், நகரசபையில், பாடசாலையில் எங்கள் சனத்துக்காகக் கதைத்துக் கதைத்து, யாரிடம் எதைக் கேட்டாலும் என் வாய் தானாகத் திறந்துவிடும். அண்ணைக்கு டொய்ச் தெரியும். நான் பக்கத்தில் இல்லாதபோது அவர் நன்றாகவே கதைப்பார் என்று பின்னாளில் வெர்னர்தான் எனக்குச் சொன்னார்.

வெர்னர் சுவரிலிருந்து ஒரு துவக்கை எடுத்து அளவு பார்க்க நீட்டினார். வயதான மனிதர் நீட்டுகிறார். அண்ணை வலக்கையை நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தொட்டு, குனிந்து வாங்கினார். பிறகு வலது தோளில் வைத்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்; இன்றைக்கும் என்னிடம் இருப்பது ஊர்க் கடவுச்சீட்டுத்தான். "லிங்க்ஸ் ஓடர் ரெஹ்ட்ஸ்?" என்று வெர்னர் கேட்டார். இடதா வலதா. இதுவும் ஒரு கேள்வியா என்பதுபோல, அண்ணையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெஹ்ட்ஸ்" என்றேன். வலது.

அதோடு எல்லாம் சுலபமாகிவிட்டது. வலக்கைக்காரருக்கு இரும்பு உடலும் குழலும் பழையதாக வேண்டிய அளவு கிடைக்கும். மிச்சம் பிடித்த காசில் நல்ல வால்நட் மரத்தில் கட்டை செய்யலாம் என்றார் வெர்னர். தோளில் வைத்துக் கன்னம் சாய்க்கிற பகுதியைத்தான் கட்டை என்கிறேன். நான் தலையாட்டினேன். அண்ணை சுவரில் இருந்த மான் கொம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயிலில் திரும்பும்போது, காசு இவ்வளவு மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறேன் என்று நான் பெருமையடித்தேன். "ஓம்" என்றார்.

இரண்டு மாதத்தில் வெர்னர் கட்டையைச் செதுக்கி முடித்துவிட்டார். வால்நட் மரத்தின் கறுப்பு வரிகள் எண்ணெயில் மினுங்கின. அண்ணை அதை வாங்கி வலது தோளில் வைத்தார். இடது கண்ணை இறுக மூடினார்; முகம் ஒரு பக்கம் கோணிப்போனது. வெர்னர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டையை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் ஓர் ஓட்டை வைத்து, அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணை மூடு என்றார். மணிக்கூடு மறைந்துவிட்டது. வலது கண்ணை மூடு என்றார். மணிக்கூடு அப்படியே இருந்தது; குறி பார்க்கிற கண் இடதுதான். பிறகு மேசையிலிருந்த சுத்தியலை அவரை நோக்கி எறிந்தார். அண்ணை இடக்கையால் பிடித்தார்.

ஏன் சொல்லவில்லை என்று வெர்னர் கேட்டார். அண்ணை அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "எட்டு வயசில சொன்னனான். என்ர ஐயா இந்தக் கையைக் கதிரைக்காலோட கட்டிவிட்டார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை, யோகன். அண்டைக்கு இந்த மனுசன் கேட்டது. நீ வலது எண்டிட்டாய். அந்நியனுக்கு முன்னால உன்னைப் பொய்யனாக்க எனக்கு மனம் வரேல்லை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி இரண்டு சொல்லித் தப்பியிருப்பேன். வெர்னர் என் முகத்தைப் பார்த்து மொழிபெயர்ப்புக்குக் காத்துக்கொண்டிருந்தார். எவ்வளவோ சனத்துக்காகக் கதைத்த வாயால் அன்றைக்குப் பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். வாழ்நாளில் ஒரே ஒரு சாமானைத் தன் கைக்கென்று கேட்ட மனிதருக்கு, நான் என் கைக்கு ஏற்றதைச் செய்வித்துக் கொடுத்திருந்தேன்.

வால்நட் கட்டையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்குப் போன காசு போனதுதான். நான் கட்டுகிறேன் என்றதற்கு அண்ணை சம்மதிக்கவில்லை. இருக்கிற காசில் இனி என்ன செய்யலாம் என்று மூவரும் இருந்து கதைத்தோம். வெர்னர் ஒரு வழி சொன்னார். இரும்பு உடல் வலக்கைக்காரருடையதாகவே இருக்கட்டும். கட்டையை மட்டும் மலிவாக இடது தோளுக்கு மாற்றலாம். அடுத்த குண்டுக்குக் கையைக் குறுக்கே கொண்டுபோய் வலது பக்கத்திலுள்ள கைபிடியை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். புத்திசாலித்தனமான வழிதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணை தானே டொய்ச்சில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: சமாளிக்கிறதை நான் ஐம்பது வருடமாகச் செய்கிறேன், அதற்கு ஒரு துவக்குத் தேவையில்லை.

ஆகவே இப்படித் தீர்மானமாயிற்று. கைபிடி இடது பக்கத்தில் உள்ள பழைய இரும்பு உடல் ஒன்று எங்கேயாவது அகப்படும்வரை காத்திருப்பது. குழல் புதிதாக, நல்லதாக வாங்குவது. தூரக்கண்ணாடி பழையது, ஆனால் தெளிவானது. வேலைப்பாடு, பூ, கொடி ஒன்றும் வேண்டாம். கட்டைக்கு ஒரு சதமும் செலவழிப்பதில்லை. "காசு இரும்புக்கும் கண்ணாடிக்கும் போகட்டும். மரம் என்ர பாடு" என்றார். இடக்கைச் சாமான் அரிதென்பதால் ஒரு மாரிக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தோம். கடைசியில் வெர்னருக்குத் தெரிந்த ஒருவர் மூலம், வேட்டையை விட்டுவிட்ட ஒரு கிழவரிடமிருந்து, குழல் தேய்ந்த இடக்கைத் துவக்கு ஒன்று மலிவாக வந்தது.

அந்த மாரியில்தான் எங்கள் சமையலறைக்கு உருக்கு மேசை போட்டார்கள். மாக் குழைக்கிற பழைய பீச் மரப் பலகையைக் குப்பைக்கு எடுத்துவைத்தார்கள். நாலு விரல் தடிப்பு. பதினேழு வருடம் நான் அதில் மாக் குழைத்தேன். அண்ணை அதைக் கொதிகலன் அறைக்குக் கொண்டுபோனார். வேலை முடிந்த பின்னேரங்களில் நான் கீழே போய் வாளியில் இருப்பேன். அவர் இடக்கையில் உளியைப் பிடித்துச் செதுக்குவார். அந்தக் கையில் அவர் உளி, சுத்தியல் பிடித்து வேலை செய்து நான் கண்டதே அப்போதுதான். வலக்கையால் வேலை செய்யும்போது ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்கிற ஆள், இடக்கையால் யோசிக்காமல் செய்தார். இவ்வளவு கெட்டிக்காரரை நாங்கள் பாதி ஆளாக வைத்திருந்தோம் என்று நினைத்தேன்.

துவக்கு முடிந்தபோது அது அழகாக இல்லை. பலகையில் இருந்த கத்திக் கீறல் ஒன்று கட்டையின் அடியில் அப்படியே தெரிந்தது. வெர்னர் அதைத் தேய்த்துவிடச் சொன்னார், அண்ணை மறுத்துவிட்டார். முதல் சோதனையில் ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. இரவல் துவக்குக்கு ராசியில்லை என்று அவர் ஒருபோதும் திரும்பச் சொல்லவில்லை.

அவரோடு ஒரே ஒரு தடவை வேட்டைக்குப் போயிருக்கிறேன். கந்தசஷ்டி ஆறு நாளும் அவர் துவக்கை எடுப்பதில்லை. சூரன்போர் முடிந்த அடுத்த கிழமை போனோம். காட்டோரத்தில் விடியும்வரை இருந்தோம். ஒரு சின்ன ஓடையைக் கடக்கும்போது அவருடைய சாமான்களை வாங்க நான் கை நீட்டினேன். துவக்கை மட்டும் என்னிடம் தரவில்லை. "உன்ர பாஸ்போர்ட்டுக்கு இது கூடாது" என்று சிரித்தார். ஒரே குண்டில் மான் விழுந்தது. கிட்டப் போய், ஒரு ஊசியிலைக் கொப்பை முறித்து அதன் வாயில் வைத்தார். இங்கத்தைய வேட்டைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். "வாய்க்கரிசி" என்றார். பிறகு கனநேரம் எழும்பாமல் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தார். தம்பி குடும்பத்துக்கு ஒருவரும் வாய்க்கரிசி போடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வரும் வழியில் குடுவையிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றி நீட்டினார். "இடக்கையால தாறன், குறை நினையாதை" என்றார். வாங்கிக் குடித்தேன்.

பிறகு நான் மகனோடு இருக்க வில் நகருக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். அடுத்த சீசனுக்கு வா என்பார், வாறன் என்பேன். மகன் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் எனக்குக் கதைக்க அவர்தான் இருந்தார். அவருக்கு யார் இருந்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். மான்களும் வெர்னரும்.

செத்தவீட்டுக்கு இரண்டு நாள் முன்னர் வெர்னரும் நானும் அவர் வீட்டைத் திறந்தோம். கனடாவிலிருக்கும் அவருடைய அக்கா தொலைபேசியில் எல்லாப் பொறுப்பையும் என்னிடம் தந்திருந்தார். சட்டப்படி துவக்கை வெர்னர் எடுத்துக்கொண்டார். மேல் கிராமத்தில் இந்த வருடம் பரீட்சை எழுதிய, கட்டையான, இடக்கைக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாளாம், அவளுக்குப் போகும். அலுமாரியின் அடியில் ஹோட்டல் துவாயில் சுற்றி ஒரு பொதி இருந்தது. அந்த வால்நட் கட்டை. வருடாவருடம் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நேற்றுச் செய்ததுபோல மினுங்கியது. துவாயில் ஒரு துண்டுக் கடதாசி குத்தியிருந்தது. வலக்கையால் எழுதிய அந்த அழகான எழுத்தில் 'யோகனுக்கு' என்று மட்டும் இருந்தது. இரும்பில்லாத மரத்துக்குச் சட்டமில்லை என்றார் வெர்னர். என் வலது தோளில் வைத்துப் பார்த்தேன். கன்னம் சரியாகப் பொருந்தியது. அங்கேயே இருந்து அழுதேன்.

கடைசி நாளன்று மண்டபத்துக்கு நாற்பது பேரளவில் வந்தீர்கள். நன்றி. பின்வரிசையில் தொப்பியின் இடது பக்கத்தில் ஊசியிலைக் கொப்புச் செருகிக்கொண்டு நின்ற மூன்று கிழவர்கள் யார் என்று சிலர் கேட்டீர்கள். அன்று குடிசையில் அவருக்குக் கோப்பி கொடுத்தவர்களில் மிஞ்சியவர்கள். செத்த வேட்டைக்காரனுக்காக இடது பக்கத்தில் செருகுவது அவர்கள் வழக்கமாம்.

நீங்கள் வருவதற்கு முன்னர் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கட்டையோடு நான் வைத்திருக்கப்போவதும் அதைத்தான். பெட்டியில் அவருடைய கைகளை நெஞ்சின்மேல் மடித்து வைக்க வந்த அலுவலர், எந்தக் கை மேலே இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். இடதா, வலதா. வழமைபோல என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். திரும்பி அண்ணையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லிங்க்ஸ்" என்றேன்.